மாமியார் இறங்கினால் மேலேறும் வண்டி

டெய்லருக்குப் பிக்கப் வண்டிப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. பிடித்த பிறகு விடவில்லை என்பது மட்டும் தெருவுக்கே தெரியும். யாரோ தலைமுழுகிவிட்ட ஒரு பழைய பிக்கப்பை வாங்கி வந்து கடைக்குப் பின்னால் நிறுத்தினார். கோட்டுகளும் கவுன்களும் தைக்காமல் கிடந்தன; வண்டி மட்டும் ஒவ்வொரு போல்ட்டாகக் கழன்றது. குடும்பத்தோடு காட்டோரம் போய்த் தங்க வேண்டும், மாமியாரிடம் சும்மா கிடக்கும் கேரவனை, அந்தச் சக்கர வீட்டை, இழுக்க வேண்டும், தார் போடாத மேடுகளில் கொஞ்சம் ஏறிப் பார்க்க வேண்டும். கொஞ்சம்தான். அவருக்கு இடுப்பு வலி உண்டு.

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. டெய்லரின் மனைவி டவுன் பஸ் ஓட்டுகிறவர், எளிதில் வாய் திறக்காதவர். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் கிரீஸ் வடியும் பேரிங்குகள் ஊறிக்கொண்டிருந்த அன்று திறந்தார்.

"என்னங்க, ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. உருப்படியாப் போய் உருப்படியாத் திரும்பினா வண்டி இருக்கட்டும். இல்லைன்னா திங்கக்கிழமை புரோக்கர் வந்து ஓட்டிட்டுப் போவார். சொல்லி வெச்சாச்சு."

பக்கத்து வீட்டில்தான் வண்டி புரோக்கர். அவர் மதில் மேல் கையை ஊன்றி, பெண் பார்க்க வந்தவர் போல வண்டியைப் பார்த்துச் சிரித்தார். டெய்லர் அவசரமாகத் தார்ப்பாயை இழுத்து வண்டியை மூடினார்.

"வேணும்னா நீயே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரேன்" என்று மனைவியிடம் குழைந்தார்.

"லீவு நாள்லயும் ஸ்டியரிங்கா? ஆளை விடுங்க சாமி."

இனி ஒரு பிசகும் கூடாது. கேரவனை மாட்டும் இழுவைக் கொக்கியை எந்த உயரத்தில் வைப்பது என்ற கேள்வி வந்தபோது, டெய்லர் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். ஆணியில் தொங்கும் சட்டைக்கா அளவெடுப்பார்கள்? ஆள் போட்டுப் பார்க்க வேண்டாமா? மனைவி, மகள், மாமியார் எல்லோரையும் வண்டியில் ஏற்றினார். பின் தொட்டியில் தண்ணீர் கேன்களையும் கூடாரத்தையும் அடுப்பையும் அடுக்கினார். வண்டி பின்பக்கம் நன்றாக அமுங்கியது. அந்த அமுக்கத்தில் டேப் பிடித்து, கேரவனின் மூக்குக்குச் சரியாக வரும்படி கொக்கியை வெல்டரிடம் ஒட்டவைத்தார். வெல்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். டெய்லர் கண்டுகொள்ளவில்லை.

போகும்போது எல்லாம் அமர்க்களம்தான். கேரவன் நூல் பிடித்த மாதிரி பின்னால் வந்தது. "மாப்பிள்ளை, பரவாயில்லையே!" என்று மாமியாரே சொல்லிவிட்டார். டெய்லருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கினார். அதைவிட நல்ல சான்றிதழ் உண்டா?

புல்வெளியில் போய் நின்றார்கள். கேரவனைக் கழற்றி நிறுத்துவதற்கு முன்பக்கம் ஒரு குட்டிக் கால் இருக்க வேண்டும். அது துருவேறி என்றோ விழுந்துவிட்டது. "எதுக்குக் கழட்டணும்? வண்டியிலேயே மாட்டி இருக்கட்டும், வண்டி தாங்கும்" என்றார் டெய்லர் பெருந்தன்மையாக.

மாமியார் கேரவனுக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்து சூப் வைத்தார். வெளியே மற்ற மூவரும் சாமான்களை இறக்கினார்கள். ஒவ்வொரு கேன் இறங்க இறங்க, பிக்கப்பின் பின்பக்கம் பெருமூச்சு விட்டு நிமிர்ந்தது. கொக்கி மேலே போயிற்று. கேரவனின் மூக்கும் கூடவே மேலே போயிற்று. உள்ளே "ஐயையோ!" என்று ஓர் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், மாமியார் நாற்காலியோடு பின்கதவில் ஒட்டிக்கொண்டிருந்தார். சூப் அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

கேன்களைத் திரும்ப ஏற்றினார்கள். சிந்திய சூப்பைக் கழுவியதிலேயே தண்ணீர் பாதி செலவாகிவிட்டதால் அது போதவில்லை. டெய்லர் தலையைச் சொறிந்தார். பிறகு, சொல்லக்கூடாததைச் சொன்னார்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. நீங்க கொஞ்ச நேரம் பிக்கப் தொட்டியில உக்காந்தீங்கன்னா..."

"நான் என்ன எடைக்கல்லா?"

"அப்படி இல்லை அத்தை. அளவெடுக்கறப்போ நீங்களும் இருந்தீங்க. அதான்."

மாமியார் தன் மகளைப் பார்த்தார். மகள் வானத்தைப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது. கடைசியில் மாமியார், தலையணை ஒன்று, பத்திரிகை ஒன்று, பிஸ்கட் ஒரு பாக்கெட் சகிதம் தொட்டியில் போய் அமர்ந்தார். கேரவன் சமமாயிற்று. அவர் காலாற இறங்கினால் உள்ளே தட்டுகள் நடந்தன. ஏறினால் நின்றன. "பாட்டி, இறங்கு! பாட்டி, ஏறு!" என்று பேத்தி கேரவன் தரையில் ஆரஞ்சுப் பழங்களை உருட்டி விளையாடினாள். டெய்லருக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமைதான் கண்ணுக்குள் நின்றது.

பட்ட காலிலேயே படும் என்பார்கள். மறுநாள் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சாலைக்கு ஏறும் சின்ன மேடு சேறாகிவிட்டது. டெய்லர் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தார். சக்கரங்கள் சுற்றின, வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தார், இன்னும் புதைந்தது. மாமியாரின் பக்கத்து ஜன்னல் முழுக்கச் சேறு.

டெய்லர் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். ஒரு வருஷம்! எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், எத்தனை நசுங்கிய விரல்கள்! "சரி. புரோக்கரையே வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார் ஈனமான குரலில்.

மனைவி எட்டிப் பார்த்தார். "நாலு சக்கரமும் இழுக்கற கியர் போட்டதா சொன்னீங்களே, அதைப் போட்டீங்களா?"

டெய்லர் கண்ணாடியைத் துடைத்தார்.

"போட்டீங்களா, இல்லையா?"

"இல்லை. அது புதுசு. நல்ல நாள் பார்த்துப் போடலாம்னு வெச்சிருந்தேன்."

பின் சீட்டில் மாமியார் இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இறங்குங்க" என்றார் மனைவி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, பிடிப்பு வரட்டும் என்று டயர்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் காற்றை வெளியே விட்டார். டயர்கள் தொப்பை போட்டன. ஓட்டுநர் இருக்கையில் ஏறி, அந்தப் புதுக் கியரைத் தள்ளி, பாலில் ஆடை கலையாமல் டம்ளரைத் தூக்குகிற பதமாக மிதித்தார். வண்டி ஒரு தரம் முனகியது. பிறகு கேரவனோடு, மாமியாரோடு, மளமளவென்று மேடேறிவிட்டது.

டெய்லர் சேற்றில் துள்ளினார். ஆனால் வண்டி நிற்கவில்லை. சாலையோரம் கேரவனைக் கழற்றி ஒரு கல்லின் மேல் சாய்த்துவிட்டு, மனைவி வண்டியைத் திருப்பிக்கொண்டு அதே மேட்டில் இறங்கினார். மறுபடி ஏறினார். மறுபடி இறங்கினார். மகள் ஜன்னலில் தலையை நீட்டிக் கூவினாள். பஸ் ஸ்டாப்பில் ஒருநாளும் சிரிக்காத அந்த மனுஷி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கல்யாணமானதிலிருந்து இப்படி ஒரு சிரிப்பை டெய்லர் பார்த்ததில்லை. அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று.

வீடு வரைக்கும் மனைவிதான் ஓட்டினார். வாசலில் புரோக்கர் தயாராக நின்றார்.

"என்ன அக்கா, நாளைக்கு எடுத்துக்கலாமா?"

"எதை? என் வண்டியையா? வேற வேலை இருந்தா பாருங்க."

டெய்லருக்கு உயிர் வந்தது. வண்டி பிழைத்துவிட்டது! பூரிப்போடு சாவிக்காகக் கையை நீட்டினார். மனைவி அந்தக் கையைப் பார்த்தார். சாவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"நாளையிலிருந்து நான் இதுலதான் டிப்போவுக்குப் போகப் போறேன். உங்களுக்குத்தான் இடுப்பு வலியாச்சே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மாமியாரும் பேத்தியும் பின்னாலேயே போனார்கள்.

டெய்லர் வெறுங்கையோடு நின்றார். அழுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. புரோக்கர் மெல்ல அருகில் வந்து, தோளில் கை போட்டு, காதோடு சொன்னார்:

"அண்ணே, இதே மாதிரி இன்னொண்ணு இருக்கு. இன்ஜின் மட்டும் கிடையாது."

டெய்லர் ஒருமுறை வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"எங்க நிக்குது?" என்றார்.