ஆபீசர் இன்னும் சாப்பிடுகிறார்

பேக்கரிக்காரர் சீருடைச் சட்டையைப் பிரித்துப் பார்த்து, பாக்கெட்டுக்குள் விரலை விடப் பார்த்தார். விரல் போகவில்லை. அடுத்த சட்டையை எடுத்தார், அதிலும் போகவில்லை. தையல்காரம்மா அடுக்கிலிருந்த அத்தனை சட்டைகளிலும் பாக்கெட்டின் நாலு பக்கத்தையும் தைத்து மூடியிருந்தாள்.

"என்னக்கா, எங்க பசங்க திருடறாங்கன்னு யாராவது சொன்னாங்களா?"

அந்த மாதிரிப் பேச்சுக்கு அவள் வழக்கமாக இரண்டு மடங்கு திருப்பிக் கொடுப்பாள். வாய்க்கு அளவெடுக்க அவளிடம் டேப் பத்தாது என்று தெருவே சொல்லும். இப்போது சட்டைகளை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "பிரிச்சுத் தரேன், நாளைக்கு வாங்க" என்றாள். அவ்வளவுதான். பேக்கரிக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் கணவரிடம், "ஆபீசர் எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆபீசர் என்பது கோழி. எதிர்வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனபோது கட்டில், பீரோ, உடைந்த வாளி எல்லாவற்றையும் ஞாபகமாக ஏற்றிக்கொண்டு, இதை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அது ஒரு நாள் தையல் கடைக்குள் நடந்து வந்தது. மெஷினைச் சுற்றிப் பார்த்தது, துணிக்கட்டை ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தது, எதிலும் திருப்தியில்லாத முகத்தோடு நின்றது. "சோதனை போட வந்திருக்காங்க, எழுந்து நில்லு" என்றார் அவள் கணவர் டிரைவர். அன்றிலிருந்து அந்தப் பெயர்தான்.

டிரைவர் என்று தெரு இன்னமும் கூப்பிட்டாலும் அவர் பஸ் ஓட்டுவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. முதுகெலும்பு போய்விட்டது. ஓட்ட முடியாது, அதிக நேரம் நிற்க முடியாது என்று ஆனபிறகு அவர் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வருஷத்துக்கும் மேல் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு கொடுத்தால் சாப்பிடுவார், கேட்டால் பதில் சொல்வார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டேதான் அவள் அந்த வருஷம் முழுக்க மெஷின் மிதித்தாள். நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போடவைத்தது இந்தக் கோழிதான். அவளோ, அவள் கூட்டிவந்த டாக்டர்களோ, அறிவுரை சொல்ல வந்த சொந்தக்காரர்களோ இல்லை. சொந்தக்காரர்கள் சிலர் இதை இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை.

அவர் அதற்கு ஒரு விளையாட்டுப் பழக்கினார். கீழே கிடக்கும் நூலை எடுத்து அதன் மூக்குக்கு நேராக ஆட்டுவார். ஆபீசர் ஒரே தாவலில் பிடித்து இழுக்கும். இவர் விடாமல் பிடித்துக்கொள்வார். கடைசியில் விட்டுக்கொடுப்பார். ஜெயித்த நூலை அது விழுங்கிவிட்டு அடுத்ததற்கு நிற்கும். அளவு கொடுக்க வந்தவர்கள் அளவை மறந்து நின்று பார்ப்பார்கள், குழந்தைகள் கைதட்டும். "புழுன்னு நினைச்சுக்கிட்டிருக்கு, ஏமாளி" என்று டிரைவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காக அவள் நூலைப் பெருக்காமல் விட்ட நாட்களும் உண்டு.

கோழிக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தபோது அவள்தான் கூடையில் வைத்து பஸ்ஸில் தூக்கிப்போனாள். அவரால் அவ்வளவு தூரம் முடியவில்லை. கால்நடை டாக்டர் கண்ணாடி போட்ட சின்னப் பெண். கோழியின் கழுத்துக்குக் கீழே அமுக்கிப் பார்த்தாள், அலகைத் திறந்து டார்ச் அடித்தாள், வாயை மூடிவிட்டுக் கையைக் கழுவினாள்.

"வீட்ல தையல் மெஷின் இருக்கா?"

"தொழிலே அதுதாம்மா."

"தீனிப்பை முழுக்க நூல். பந்து மாதிரி கட்டிக்கிட்டிருக்கு. ஒரு முனை நாக்கு அடியில சுத்தியிருக்கு, இன்னொரு முனை குடலுக்குள்ள போயிடுச்சு. இழுத்தா குடலை அறுத்துடும். கிழிச்சு எடுக்கலாம்னா, இது இருக்கிற நிலைமைக்கு மயக்க மருந்தே தாங்காது."

"அப்ப?"

"வலி இல்லாம அனுப்பிடலாம். இன்னைக்கேன்னாலும் சரி. நீங்க வீட்ல பேசிட்டு வாங்க. ஆனா ஒண்ணும்மா, இது சாப்பிடும். உள்ள எதுவும் இறங்காததால பசி இருந்துகிட்டே இருக்கும். அதனால கடைசி வரைக்கும் சாப்பிடும். சாப்பிடுதேன்னு நம்பிடாதீங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவள் யோசித்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். நூல் என்று சொன்னால் அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். தன் கையாலேயே ஊட்டிக் கொன்றிருக்கிறோம் என்று தெரிந்தால் இந்த முறை அவரைத் திருப்ப எந்தக் கோழியாலும் முடியாது. இறங்குகிற இடம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள். அதோடு அவளுக்குள் ஏதோ அணைந்துவிட்டது. பயமும் இல்லை, அழுகையும் இல்லை. டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு இறங்கி நடந்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்றார் வாசலிலேயே.

"வயசாயிடுச்சாம். செரிக்கலையாம். தேறாதுன்னாங்க. ஊசி போட்டுடலாம்னாங்க."

"செரிக்காததுக்கெல்லாமா ஊசி போட்டுக் கொல்லுவாங்க? எனக்குக்கூடத்தான் செரிக்கல."

அவள் கூடையை இறக்கி வைத்தாள். உண்மையைப் பாதி சொன்னால் இப்படித்தான், மீதிப் பாதி வந்து வழியை மறித்துக்கொள்ளும்.

டிரைவர் கண்ணும் கருத்துமாக வைத்தியத்தில் இறங்கினார். தீவனத்தை ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கோழியை மடியில் துண்டால் சுற்றி வைத்துக்கொண்டு ஊட்டினார். முதுகு வலிக்க வலிக்க உட்கார்ந்து ஊட்டினார். தீனிப்பையை மெல்ல நீவிவிட்டார். ஆபீசர் அலகைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டது. "பாத்தியா, பாத்தியா, இன்னும் கேக்கறாங்க!" என்று அவர் உள்ளே குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து மெஷின் சத்தம்தான் பதிலாக வரும்.

அவள் தைத்துக்கொண்டேயிருந்தாள். கைக்குப் பழகிய வேலையைக் கை செய்தது. காப்பியில் சர்க்கரை போட மறந்தாள், போட்டதை மறந்து மறுபடி போட்டாள், இரண்டையும் வித்தியாசம் தெரியாமல் குடித்தாள். பாக்கெட்டுகளை மூடித் தைத்ததும் அந்த நாட்களில்தான். நடுவில் ஒருமுறை, "ஊசி போட்டுடலாங்க" என்று மறுபடி சொல்லிப் பார்த்தாள்.

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்றார் அவர்.

தெரியவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அவர் அவளிடம் அப்படிப் பேசுகிறவர் அல்ல. இருந்தாலும் அவளுக்கு வலிக்கவில்லை. யாரோ பக்கத்து வீட்டில் யாரையோ திட்டுவதைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டு, பாபினில் நூல் சுற்றினாள். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கி விழுங்கி அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

ஆபீசர் மெலிந்தது. கழுத்துக்குக் கீழே மட்டும் உருண்டையாகத் துருத்திக்கொண்டிருந்தது, மற்ற இடமெல்லாம் எலும்பு. கொண்டையின் சிவப்பு வெளுத்துப்போய்விட்டது. நிற்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தது. அப்படியும் சிரிஞ்சைக் கண்டால் அலகைத் திறந்தது. கடைசியில் ஒரு காலை, ஊட்டிய கூழெல்லாம் மூக்கு வழியாக வந்தது. மூச்சு விடும்போது கொரகொரவென்றது. டிரைவர் துண்டால் துடைத்தார், தலையைத் தாழ்த்திப் பிடித்தார், மறுபடி துடைத்தார். ரொம்ப நேரம் கழித்து, "சரி" என்றார். "நானும் வரேன்."

நடக்கவும் பஸ் ஏறவும் அவர் பட்ட பாட்டை இங்கே சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. வந்துவிட்டார். அவள் முன்னால் ஓடிப்போய் டாக்டரிடம், "நூல் விஷயம் அவருக்குத் தெரியாதும்மா" என்றாள். டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள்.

"நீங்க பிடிச்சுக்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது டிரைவர் தலையாட்டினார். முதலில் மயக்கத்துக்கு ஒன்று, அப்புறம் இன்னொன்று. அவர் கையில் அது தலையைச் சாய்த்தது, தூங்குகிறதா போய்விட்டதா என்று தெரியாத ஒரு நேரம் இருந்தது, பிறகு டாக்டர் காதுக்குழாயை எடுத்துவிட்டு, "ஆயிடுச்சு" என்றாள். டிரைவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். தையல்காரம்மா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள். தட்டும் கை தன்னுடையதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஒரு வழியாக முடிந்தது என்று நினைத்தாள். அவருக்குத் தெரியாமலே முடிந்தது. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் புதைக்கலாம் என்று கோழியைத் துண்டில் சுற்றிக் கூடையிலேயே வாங்கிக்கொண்டார்கள். பஸ் நிறுத்தத்தில் உட்கார இடமில்லை. அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுது முடித்த முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"குஞ்சா ஒண்ணு வாங்குவோமா?" என்றார் திடீரென்று. "இவங்க பெரிசா ஆனபிறகுதானே வந்தாங்க. குஞ்சா இருந்தா ஆரம்பத்துல இருந்தே நூல் பிடிக்கப் பழக்கலாம். இன்னும் ஜோரா பிடிக்கும்."

அவள் கூடையை இன்னொரு கைக்கு மாற்றினாள். இதை அவள் யோசிக்கவே இல்லை. பூசி மெழுகிய சுவர் முழுவதும் ஒரே நொடியில் விழுந்தது போல இருந்தது.

"நூல் வேணாங்க" என்றாள்.

"ஏன்?"

"இது செத்ததே நூலாலதான். உள்ளே கட்டிக்கிச்சு. டாக்டர் சொன்னாங்க."

அவர் கம்பத்தை விடவில்லை. எதிரே பழக்கடையில் ஒருவன் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவர் அதையே பார்த்தார்.

"எப்பச் சொன்னாங்க?"

"மொதத் தடவை போனப்பவே."

அவள் அவர் முகம் மூடிக்கொள்ளும் என்று காத்திருந்தாள். அந்த ஒரு வருஷத்து முதுகு திரும்பி வரும் என்று காத்திருந்தாள். அவர் திரும்பி நேராக அவளைப் பார்த்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே ஊசி போட்டிருப்போமே" என்றார். "அடைச்சுக்கிட்டிருக்குன்னு தெரிஞ்சா நான் ஊட்டியிருப்பேனா? அடைப்பு மேல அடைப்பா, தினமும், ஊட்டி ஊட்டி..."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

அவள் இத்தனை நாளும் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுருங்குகிறதா, தெளிகிறதா என்று. கோழியின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவர் மடியில் இருந்தபடி அது அலகைத் திறந்து திறந்து வாங்கியபோதெல்லாம் அவள் மெஷினுக்குப் பின்னால் தலையைக் குனிந்திருந்தாள். பசியோடும் நிறைந்த தொண்டையோடும் அது அந்த வீட்டில் கிடந்தது, வீட்டில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இரக்கம் என்று பெயர் வைத்து அவள் செய்ததற்கு வேதனைப்பட்டது கோழி.

அணைந்து கிடந்தது அப்போதுதான் பற்றிக்கொண்டது. கூடையைத் தரையில் வைத்து, பக்கத்திலேயே நடைபாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துண்டை விலக்கி அந்த வெளுத்த கொண்டையைத் தொட்டாள். பிறகு வாய்விட்டு அழுதாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண், "பணத்தை எதுவும் தொலைச்சுட்டாங்களா?" என்று யாரையோ கேட்டாள்.

அவர்களுடைய பஸ் வந்து ஓரமாக நின்றது. டிரைவர் கம்பத்தைப் பிடித்தபடியே இன்னொரு கையை உயர்த்தி, நீ போ என்று பஸ்காரருக்குச் சைகை காட்டினார்.

"நீ அழு" என்றார் அவளிடம். "அடுத்ததுல போகலாம்."