இழப்பு எதுவும் இல்லை

நட்டத்தை வெளியே சொல்ல மாட்டேன். பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். கொட்டகையே சரிந்து விழுந்திருந்தாலும் டீக்கடையில் கேட்டால் "நல்லாப் போகுதுங்க" என்போம். ஒருமுறை வாயைத் திறந்தால் தீவனக் கடைக்காரர் முதல் சம்பந்தி வரை பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

அந்த ஏப்ரலில் ஒரே மதியத்தில் எங்கள் கோழிகள் இரண்டாயிரத்து முந்நூறு வெயிலுக்குச் சுருண்டு விழுந்தன. கூரையில் தண்ணீர் தெளித்தோம், மின்விசிறியை ஓடவிட்டோம், ஒன்றும் எடுபடவில்லை. சாயங்காலத்துக்குள் ஜேசிபி வைத்துக் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். அரசாங்கக் கணக்கெடுப்புக்கு வந்தவரிடம், "வெப்பத்தால் இழப்பு எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் மனைவி நஞ்சம்மாள் மட்டும் குழியை மூடும் முன் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தாள். அதற்கு அவளைத் திட்டவும் செய்தேன்.

மறு வருடம் கோவையிலிருந்து நந்திதா என்ற வக்கீல் வந்தார். ஐந்து நாட்டு விவசாயிகள் சேர்ந்து, ஐரோப்பாவில் ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனி மேல் அங்கேயே வழக்குப் போடுகிறார்களாம்.

"அந்தக் கம்பெனிக்கும் நம்ம கோழிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றேன்.

"அவங்க விட்ட புகையும் சேர்ந்துதானுங்க வெயில் இப்படி ஏறுது. பருவநிலையைக் காப்பாத்தறது நாடுகளோட சட்டக் கடமைன்னு ஹேக்ல இருக்கற உலக நீதிமன்றமே கருத்துச் சொல்லிப்போடுச்சுங்க. அதை வெச்சுக் கம்பெனிகளையும் கேக்கலாம்னு போறோம். ஆனா இங்க பதினேழு பண்ணையில கேட்டுட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் ஆகலைங்கறாங்க."

"நான் சொல்றனுங்க," என்றாள் நஞ்சம்மாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடியோவையும் எடுத்துக் கொடுத்தாள்.

கோவை கணபதியில் இருந்த நந்திதாவின் அலுவலகத்திலிருந்து, காணொளியில் அந்த ஐரோப்பிய நீதிமன்றத்தின் விசாரணை. நான் துணைக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தேன். திரையில் தெரிந்த மூன்று நீதிபதிகளையும் கும்பிட்டுவிட்டு நஞ்சம்மாள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் அதை அவர்களுக்குச் சொன்னார். எல்லாம் நன்றாகத்தான் போனது, கம்பெனி வக்கீல் ஒரு காகிதத்தைக் காட்டும் வரை. என் கையெழுத்து.

"இழப்பே இல்லை என்று உங்கள் பண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறது. அப்படியென்றால் இந்த வீடியோ பொய்தானே?"

நஞ்சம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு இதுகூடத் தெரியாதா? என் கௌரவத்துக்காக அவள் உலகத்தின் முன்னால் பொய்க்காரி ஆகிக்கொண்டிருந்தாள். ஐந்து நாட்டு வழக்கும் அவளோடு சேர்ந்து சாய்ந்துகொண்டிருந்தது.

எழுந்து கேமரா முன்னால் போய் நின்றேன்.

"நான் இவ ஊட்டுக்காரன் திருமலைசாமிங்க. பொய் எழுதுனது நானுங்க. கோழி செத்ததைச் சொன்னா மானம் போயிருமுன்னு நெனச்சுப்போட்டேன். எங்க பக்கம் எல்லாருமே அப்படித்தானுங்க. குழி அங்கயேதான் இருக்குது. ஆள உட்டுத் தோண்டிப் பாருங்க."

நீதிமன்றம் அனுப்பிய நிபுணர் வந்து தோண்டிப் பார்த்தார். ஒரு லோடு எலும்பு கிடைத்தது.

எட்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு என்றது. பாதிக்கப்பட்டவர்கள் அவமானத்துக்கு அஞ்சி உண்மையை மறைக்கக்கூடும், அரசுப் பதிவேட்டில் இழப்பு இல்லை என்பதை மட்டும் வைத்து அவர்களைத் தள்ளிவிட முடியாது என்று ஒரு தனிப் பத்தியே இருந்தது. அதில் நஞ்சம்மாளின் பெயர் இருந்தது.

"வேற ரெண்டு நாட்டு வழக்குல இப்பவே இந்தப் பத்தியை எடுத்துக் காட்டறாங்கண்ணா," என்றார் நந்திதா. எனக்குத் தலைகால் புரியவில்லை. கர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது, என் பொய்யும் சேர்த்தே. டீக்கடைக்குக் குனிந்த தலையோடுதான் போனேன். இருபதாயிரம் கோழி வைத்திருக்கும் தனபால் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கு நாலாயிரம் போச்சுதுங்க தம்பி," என்றார், கடைக்கே கேட்கிற மாதிரி. பக்கத்துப் பெஞ்சிலிருந்து அங்கப்பன், "எனக்கு ஆயிரத்து எண்ணூறுங்க," என்றார்.

பதினோரு மணிக்குள் எங்கள் வாசலில் ஒன்பது பண்ணைக்காரர்கள் நின்றார்கள். ஒருவர்கூட என்னைத் தேடி வரவில்லை. அத்தனை பேரும் கேட்டது ஒன்றுதான்.

"அம்மணி இருக்குதுங்களா?"