மூன்றாம் மாடி, மின்சுமை பூஜ்யம்

மூன்றாம் மாடியில் படிக்கட்டுக்கு இடப்புறம் இருக்கும் வீட்டுக்குள் வெளிச்சம் நுழைவதில்லை. வெயில் ஜன்னல் விளிம்புவரை வந்து நின்றுவிடும். மெழுகுவத்தி வாசலைத் தாண்டியதும் அணையும்; டார்ச்சும் அப்படியே. காரணம் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். மின் இணைப்பு விண்ணப்பத்தில் அந்த வீட்டுக்கு நேரே ‘ஆளில்லை, மின்சுமை பூஜ்யம்’ என்று எழுதியிருக்கிறது.

எழுதியவள் அந்த வீட்டுக்காரியேதான். கட்டுமான அலுவலகத்தில் விண்ணப்பங்கள் தயாரிப்பவள். ஃபார்ம் அக்கா என்றால்தான் தெரியும். விற்காத வீடுகளுக்குப் பூஜ்யம் போடுவது அங்கே வழக்கம். மொத்தச் சுமை வரம்பைத் தாண்டினால் டிரான்ஸ்ஃபார்மருக்கு இடம் விடவேண்டும். அந்த இடத்தை முதலாளி கார் நிறுத்த விற்றிருந்தார். அவள் வாங்கவிருந்த வீடு அப்போது பத்திரப்பதிவாகவில்லை. கைப்பழக்கத்தில் அதற்கும் ஒரு பூஜ்யம் போட்டாள், வட்டமாக, அழகாக.

அவள் கணவன் அதே கட்டடத்துக்கு ஒயர் இழுத்தவன். சாரத்திலிருந்து விழுந்து முதுகு போனவனை ஸ்ட்ரெச்சரில்தான் குடியேற்றினார்கள். இனி அசைக்கவே கூடாது என்றார் வைத்தியர். ஒன்பதாம் நாள் விண்ணப்பத்தில் முத்திரை விழுந்தது, வீடு இருண்டது.

“நம்ம வீட்டுக்கே முட்டை போட்டுட்டியேடி. என் மூஞ்சி அவ்வளவு கசந்துபோச்சா?” என்றான் கட்டிலிலிருந்து. அவள் சிரிக்க முயன்றாள். அந்த முயற்சியை அவன் பார்க்கவில்லை.

அவன் உயிரோடு இருக்கும்போதே ஒருமுறை அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. திருத்த மனு போட்டாள். வரைபடத்தில் பொறியாளர் கையெழுத்து இல்லையென்று முதல் வருஷம் திரும்பியது. நிறைவுச் சான்றிதழின் நகல் மங்கலென்று அடுத்த வருஷம். மூன்றாம் வருஷம் முதலாளி சம்மதக் கடிதம் தர மறுத்தார். “ஒரு பூஜ்யத்தத் தொட்டா மத்த பதினொண்ணையும் தோண்டுவாங்கம்மா.” அந்தப் பதினொன்றும் தன் கையெழுத்தில்தான் இருக்கின்றன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வீடுகளும் இருட்டாகத்தான் கிடந்தன. உள்ளே ஆளில்லாததால் அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

நான்காம் வருஷம் முதலாளியின் கையெழுத்தைத் தானே போட்டு அனுப்பினாள். ஆய்வாளர் வந்து வாசலிலேயே நின்றார்.

“உள்ள யாரும்மா?”

“எம் புருஷன் சார்.”

“கண்ணுக்குத் தெரியாததை எப்படிம்மா எழுதறது?”

“இருக்கேன் சார், கொஞ்சம் இளைச்சிட்டேன், அவ்வளவுதான்,” என்றது இருட்டு.

ஆய்வாளர் நல்லவர். ‘குரல் கேட்டது’ என்று குறித்தார். படிவத்தில் குரலுக்குக் கட்டம் இல்லை, மனு திரும்பியது.

ஏழு மாதம் கழித்து அவனைப் பாடையில் கீழே இறக்கினார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் வெயில் அவன்மேல் விழ, அவள் பார்த்தாள். யாரோ ஒரு கிழவர். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைத் தொட்டபோதுதான் அது அவன்.

அதன்பிறகு அவள் மனு போடவில்லை. கோடையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் பகலில் குழந்தைகளைத் தூங்கவைக்க அங்கே தூக்கி வருகிறார்கள். “இங்கதான்க்கா அடம்புடிக்காமத் தூங்குதுங்க” என்கிறார்கள். அவள் கதவைத் திறந்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறாள்.