பழைய டீம் வந்த ஞாயிற்றுக்கிழமை

...தப்பா எடுத்துக்காதேடி என்று சுகாசினி சொன்னபோது, இதில் தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் எஸ்தருக்கு முதலில் தோன்றியது. குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பாட்டில் நிரம்பி வழிந்து ஷூவுக்குள் ஈரம் இறங்கிய பிறகுதான் அந்த வார்த்தைகளும் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. பிரேம்நாத் சார் ரிட்டையர் ஆவுற கோச் இடத்துக்கு என்னை வரச்சொல்லிட்டாங்க, மெட்ராஸ் கிளப்புல சொல்லிட்டேன், அடுத்த மாசம் வந்துடறேன், நீ எப்பவும் போல அசிஸ்டென்டா கூட இருக்கணும், உன்னை விட்டா எனக்கு யாருடி... சுகாசினி தோளில் கைவைத்து லேசாக அழுத்தினாள், அந்தக் காலத்தில் மேட்ச் தொடங்கும்முன் அழுத்துவதைப் போலவே. அதற்குள் மைதானத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், எஸ்தர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நடந்தாள், நடு வட்டத்தில் நின்று பந்தை மேலே எறிந்தாள். நல்லவேளை, வாயில் விசில் இருக்கிறது, யாரும் பதில் எதிர்பார்க்கமாட்டார்கள். வருஷத்துக்கு ஒரு ஞாயிறு, காலேஜின் பழைய மாணவிகளும் இப்போதைய மாணவிகளும் பாஸ்கெட்பால் ஆடுவார்கள், ரெஃப்ரி எப்போதும் எஸ்தர்தான். நீயும் எங்ககூட ஆடு என்று ஒருத்தியும் கூப்பிட்டதில்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது, ஏன் இத்தனை வருஷமாக உறைக்கவில்லை, அவளும் அதே டீம்தானே, பல்கலைக்கழகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ராஜ வீதியில் நடந்த ஐந்து பேரில் அவளும் ஒருத்திதானே...

பந்து இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் போனது, அவளும் கூடவே ஓடினாள். கால்களுக்கு எதுவும் தெரியாது. அவற்றுக்குக் கோட்டோரமாக ஓடவேண்டும், அவ்வளவுதான். பிரவீனா கொஞ்சம் குண்டாகிவிட்டாள், வேலூர்ப் பக்கம் சப்-இன்ஸ்பெக்டர், ஆனால் கையை விரித்து மறித்து நின்றால் இன்னும் யாராலும் தாண்ட முடியாது. அவளுக்குத் தெரிந்திருக்குமா, தெரியாமல் இருக்குமா, காலையில் வந்ததிலிருந்து என் முகத்தைப் பார்த்து அவள் பேசவே இல்லையே... போன மாதம் காலேஜ் செக்ரட்டரி குமாரவேல் சொன்னதை நினைத்தாள். அவர் அறையில் மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டு, சார், பிரேம்நாத் சார் போன பிறகு அந்த இடம்... என்று பாதியில் அவள் நிறுத்தியதும் அவர் சிரித்தார். "பழைய பிளேயர்ஸ் இன்னா சொல்றாங்களோ அதாம்மா. அவங்களக் கேக்காம இப்ப நான் எதுவும் செய்யறது இல்ல." எவ்வளவு சந்தோஷமாக வெளியே வந்தாள் அன்றைக்கு. பழைய பிளேயர்ஸ் என்றால் யார், பிரவீனா, சுகாசினி, எல்லாம் அவள் பிள்ளைகள் மாதிரி, இல்லை, அவளேதான், அவள் கை கால் மாதிரி. அப்படியென்றால் முடிந்துவிட்டது என்று அர்த்தம், பதினோரு வருஷத் தற்காலிகம் முடிந்தது என்று அர்த்தம். வீட்டுக்குப் போய்க் கணவன் ஜான்சனிடம் அப்படியே சொன்னாள். ஜான்சன் அவள் அம்மாவிடம் சொன்னான், அம்மா ஞாயிறு தவறாமல் செவிலிமேடு சர்ச்சில் முன் வரிசையில் உட்காருகிறவள், அவள் பாஸ்டரிடம் சொன்னாள். இன்றைக்கு ஆராதனையில் ஸ்தோத்திர ஜெபம் வைத்திருக்கிறார்கள், எஸ்தர் அக்காவுக்கு வேலை நிரந்தரம் ஆனதற்காக. இன்றைக்கு, இதே நேரத்தில், இதோ இப்போது.

விசில் ஊதினாள். யாரோ யாரையோ தள்ளியிருந்தார்கள், யாரென்று அவள் கை தானாகக் காட்டியது. போன் பைக்குள் இருக்கிறது, பை பெஞ்சில் இருக்கிறது, ஓடிப்போய் எடுத்துப் பேசினாலும் சர்ச்சில் யார் எடுப்பார்கள். எடுத்தாலும் என்ன சொல்வது, சொல்லாதீங்க, இன்னும் சொல்லாதீங்க என்றா... அம்மா அந்த நீலப் புடவையைக் கட்டியிருப்பாள். பால்வாடியில் ஆயாவாகச் சமைத்துச் சமைத்துக் கரிபிடித்த விரல்கள், இத்தனை வருஷத்துக்குப் பின்னும் போகாத கரி, அந்தக் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எம் பொண்ணு காலேஜ்ல கோச்சு என்று சொல்ல அவளுக்குப் பிடிக்கும், கேட்பவர்கள் என்ன பஸ்ஸா, ரயிலா என்று கேலி செய்தாலும் பிடிக்கும். கடவுளே, பாஸ்டருக்கு இன்றைக்குத் தொண்டை கட்டியிருக்கக் கூடாதா, கரண்ட் போய் மைக் நின்றிருக்கக் கூடாதா... என்ன ஜெபம் இது, ஜெபம் நடக்காமலிருக்க ஜெபம்.

இந்தப் பழைய டீமைக் கூப்பிட்டு வந்தவளே அவள்தான், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது. இரண்டு வருஷத்துக்கு முன் காலேஜ் பஸ்களை நிறுத்த இடமில்லை என்று இந்த மைதானத்தையே எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். கம்பத்தைக்கூடப் பிடுங்க ஆள் வந்துவிட்டது. பிரேம்நாத் சார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார், எஸ்தர்தான் ஒவ்வொருத்தியின் நம்பராகத் தேடினாள், கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறவள், துபாய் போய்விட்டு வந்தவள், தாமலில் மாமியார் வீட்டில் இருப்பவள், வாங்கடி, வந்து நில்லுங்கடி, நம்ம கிரவுண்டு போகுது என்று போனில் அழுதாள். வந்தார்கள். பிரவீனா யூனிஃபார்மோடு வந்தாள், சுகாசினியைப் பற்றி அந்த வாரம்தான் பேப்பரில் போட்டிருந்தார்கள், செக்ரட்டரி அறையில் உட்கார நாற்காலி போதவில்லை. மைதானம் தப்பியது. அன்று எல்லோருமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள், பிரவீனா அவளைத் தூக்கிச் சுற்றினாள்... அதற்குப் பிறகு செக்ரட்டரி எல்லாவற்றுக்கும் அவர்களைத்தான் கேட்டார். பனியன் என்ன கலர், காலைப் பயிற்சியா மாலைப் பயிற்சியா, எந்த டோர்னமென்டுக்குப் போகலாம், யாரை கேப்டன் ஆக்கலாம், எல்லாம். பிரேம்நாத் சார் ஒருநாள் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டே சொன்னார், "எஸ்தரு, நாம ரெண்டு பேரும் இப்ப அவங்க டீமுக்குத்தாம்மா வேலை செஞ்சிக்கினு இருக்கறோம்." அவள் சிரித்தாள். அவங்க யாரு சார், நம்ம பொண்ணுங்கதானே என்றாள். அவர் சிரிக்கவில்லை என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

சுகாசினிக்குப் பந்து போனது. இத்தனை வயசிலும் அந்த வேகம், இரண்டு பெண்களுக்கு நடுவில் புகுந்து, உடம்பை ஒடித்து, போர்டில் பட்டும் படாமலும் பந்தை வைத்தாள், அது வலைக்குள் விழும் முன்பே எஸ்தர் விசிலை ஊதியிருந்தாள். ஸ்டெப்ஸ். பந்தைத் தட்டாமல் அடி வைத்தாள் என்று கைகளை உருட்டிக் காட்டினாள். சுகாசினி அவளைப் பார்த்தாள், கோபமில்லாமல், எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாமல், பந்தை இரண்டு கையாலும் எடுத்துவந்து அவளிடம் கொடுத்தாள். எஸ்தருக்குக் காது சூடானது. மூன்று அடி வைத்தாளா, இரண்டா, பார்த்தேனா, பார்க்கவே இல்லையா... இதற்கு முன் ஒரு விசில்கூட இப்படி ஊதியதில்லை. சுகாசினி சண்டை போட்டிருக்கலாம், கண்ணு தெரியலையாடி என்று கத்தியிருக்கலாம், அப்படிக் கத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இடைவேளையில் பைக்குள் போன் அதிர்ந்தது. ஜான்சன். வேப்பமரத்தடிக்குப் போய் எடுத்தாள்.

"மேட்ச் முடிஞ்சுதா? இங்க பாஸ்டர் உன் பேரச் சொல்லி ஜெபம் பண்ணாரும்மா. உங்கம்மா எழுந்து நின்னுக்கினு ஒரே அழுகை. சர்ச்சே கை தட்டுச்சு."

"ம்."

"பிரியாணி போடலாம்னு சொல்லிக்கினு இருக்காங்க. வரப்ப எலுமிச்சம்பழம் வாங்கிக்கினு வா. இன்னா, குரல் ஒரு மாதிரி இருக்குது?"

"விசில் ஊதி ஊதி... தொண்டை."

"தண்ணி குடி. உங்கம்மா பேசணுமாம், குடுக்கட்டா?"

"வேணாம், கூப்புடறாங்க," என்று வைத்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. இப்போதே சொல்லியிருக்கலாம், ஒரே ஒரு வாக்கியம்தான், இல்லைங்க, கிடைக்கலை. ஆனால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், சுற்றிலும் கைகொடுக்கிறவர்கள் நிற்பார்கள், எந்தக் கையை விட்டுவிட்டு அம்மா போனை வாங்குவாள்... ஜான்சன் ஒரகடத்துக் கம்பெனி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு இன்றைக்கு லீவு எடுத்திருக்கிறான். வெள்ளைச் சட்டை போட்டிருப்பான். அவனுக்கு அந்தச் சட்டை அழகாக இருக்கும். எதற்கு இப்போது சட்டையை நினைக்கிறோம் என்று தெரியாமலே அவள் அழுகையை விழுங்கினாள், மாணவிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த பாதியில்தான் அது நடந்தது, அது நடக்காமல் இருந்திருந்தால் சுகாசினியை அவளால் வெறுக்கவாவது முடிந்திருக்கும். இப்போதைய கேப்டன் தேவிப்ரியா, திருப்பருத்திக்குன்றத்திலிருந்து சைக்கிளில் வருகிற பெண், நல்ல கை, நல்ல மூச்சு, ஆனால் இடது பக்கம் வெட்டித் திரும்பும்போதெல்லாம் யாராவது பந்தைத் தட்டிவிடுவார்கள், ஏன் என்று எஸ்தருக்குப் பிடிபடவே இல்லை, வேகம் போதவில்லை என்று நினைத்துத் தாமல் ஏரிக்கரையில் சனிக்கிழமைதோறும் ஓடவிட்டாள். அந்தப் பெண்ணும் முகம் கோணாமல் ஓடினாள். சுகாசினி அவளிடமிருந்து பந்தை இரண்டு தடவை பறித்தாள், மூன்றாவது தடவை பறிக்காமல் நின்று, எஸ்தரைப் பார்த்து ஒரு நிமிஷம் என்று கைகாட்டினாள். "கண்ணு, போறதுக்கு முன்னாடி தோள இறக்கறே பாரு. எங்க போறேன்னு நீயே சொல்லிடறேம்மா. தோள விடு, கண்ணால மட்டும் போ." அவ்வளவுதான். தேவிப்ரியா தலையாட்டினாள், பந்தை வாங்கினாள், ஒரு தட்டு, இரண்டு தட்டு, தோள் அசையவில்லை, பிரவீனாவைக் கடந்து இடது பக்கம் போய் வலைக்குள் போட்டுவிட்டுத் திரும்பினாள். அந்த முகம்... எஸ்தரைத்தான் முதலில் தேடியது, மேடம் பார்த்தீங்களா என்று, கன்னமெல்லாம் சிரிப்பாக. எஸ்தர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு வருஷம். அந்தத் தோளை இரண்டு வருஷமாக அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், தோளுக்கு வலி வந்தால் தைலம் தேய்த்துவிட்டாள், வீட்டில் படிப்பை நிறுத்தப் பார்த்தபோது போய் அவள் அப்பாவோடு பேசினாள், காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி கூட்டிப்போனாள், தோள் இறங்குவதை மட்டும் பார்க்கவில்லை. அதுவும் கோச் வேலைதான், இதுவும் கோச் வேலைதான், எது பெரிது என்று யார் சொல்வது, யாரும் சொல்லவேண்டியதில்லை, அந்தப் பெண் இனிமேல் இடது பக்கம் போவாள், அதைத் தடுக்க முடியாது.

யார் ஜெயித்தார்கள் என்று கடைசியில் அவள்தான் அறிவித்தாள், சொன்ன அடுத்த நிமிஷம் மறந்துவிட்டாள். போட்டோ எடுத்தார்கள், பிரேம்நாத் சாருக்கு மாலை போட்டார்கள், சார் அவளைத் தேடிக்கொண்டு இரண்டு முறை பார்த்தார், அவள் பந்துகளை வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள், குனிந்தே இருந்தாள். வண்டி நிறுத்துமிடத்தில் பிரவீனா காத்திருந்தாள், புல்லட்டில் சாய்ந்துகொண்டு, கட்டைவிரலால் சாவியை நெருடிக்கொண்டு.

"எம்மேல கோவமா எஸ்தரு?"

"இல்ல."

"இருக்குது. நாங்க தனியா பேசிக்கினோம், உன்ன உட்டுட்டு. சுகாசினி பேர மொதல்ல சொன்னது நாந்தான். டீம் மேல வரணும்டி, நேஷனல் ஆடினவ, நாலு எடத்துல ஆளத் தெரியும். உன்ன வேணாம்னு ஒருத்தியும் சொல்லல."

"வேணும்னு?"

பிரவீனா சாவியைப் பார்த்தாள்.

"என்னையும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல," என்றாள் எஸ்தர். குரல் உடைந்தது, உடையக் கூடாது என்று நினைத்த இடத்திலேயே உடைந்தது.

"கேட்டிருந்தா?" பிரவீனாவுக்கும் கண் கலங்கியிருந்தது. "செக்ரட்டரி எதிர்ல நீயும் எங்ககூட உக்காந்துக்கினு இருக்கறேன்னு வை. யாரப் போடலாம்னு கேக்கறாரு. இன்னா சொல்லுவே? சுகாசினியப் போடுங்க சார்னு எங்களுக்கு முன்ன நீதாண்டி சொல்லுவே. எனக்குத் தெரியாதா உன்ன."

இல்லை என்று சொல்ல எஸ்தர் வாயைத் திறந்தாள். பிரவீனா அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு வண்டியை எடுத்தாள், சத்தம் தெருமுனை வரை போய் அடங்கியது. இல்லை, அப்படிச் சொல்லமாட்டேன்... எஸ்தர் மனசுக்குள் அந்த செக்ரட்டரி அறைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தாள், மின்விசிறி, செக்ரட்டரியின் கண்ணாடி, பக்கத்தில் இவர்கள் எல்லோரும், யாரப் போடலாம்மா என்று அவர் கேட்கிறார், ஒரு குரல் உற்சாகமாக, நாற்காலியின் நுனிக்கு வந்து, சுகாசினி இருக்காளே சார், அவள விட்டா வேற யாரு என்கிறது, அது யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் படித்த முதல் வருஷம் பிரேம்நாத் சார் கேப்டன் யார் என்று கேட்டபோதும் அதே குரல்தான். அப்படியானால் இவர்கள் என்ன தவறு செய்தார்கள், ஒன்றும் செய்யவில்லையா, ஒன்றுமே செய்யவில்லை என்றால் இது ஏன் இப்படி வலிக்கிறது... அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வந்துவிட்டிருந்தாள், செவிலிமேடு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, போய்விட்டது. அடுத்தது வரட்டும். நிறுத்தத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. எஸ்தரப் போடுங்க சார் என்று மெதுவாக, உதடு மட்டும் அசைய, சொல்லிப் பார்த்தாள். முன்பின் பழக்கமில்லாத யாரோ ஒருத்திக்குச் சிபாரிசுக்கு வந்ததைப் போலக் கூச்சமாக இருந்தது. இன்னொரு தடவை சொன்னாள், கொஞ்சம் சத்தமாக.