நாற்பது பக்கக் கையேடு

பதினோரு மணிக்குள் தன் கணினியில் ஜாவா சர்வரை ஓட்டிக் காட்டாவிட்டால், புதிதாகச் சேர்ந்தவளுக்குக் குழுவில் இடமில்லை. மணி பத்து ஐம்பது. சர்வர் ஒருவழியாக இப்போதுதான் ஓடியது, பக்கம்தான் வரவில்லை.

கூட்டத்துக்குக் கிளம்பிய தலைமை வல்லுநர், சற்றுமுன் மூடிய மடிக்கணினியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்து நின்றார். அவர் இல்லாதபோது எல்லாரும் அவரை 'மகான்' என்பார்கள்.

"நாப்பது பக்கம் எழுதி வச்சிருக்கேன்மா. எழுத்துக்கூட்டிப் படிச்சாலே ஓடும். மத்த ஆறு பேருக்கும் ஓடுதே?"

"ஒரு எழுத்துகூட மாத்தல சார்."

அமைப்புக் கோப்பைத் திறந்தாள். டேட்டாபேஸ் முகவரி என்று கையேடு தந்த அதே எண், மகானின் மடிக்கணினி மூடியில் ஒட்டியிருந்த சீட்டிலும் இருந்தது.

"சார், இது உங்க மெஷின் நம்பர். மூடினா டேட்டாபேஸும் தூங்கிடுமே."

"அதெல்லாம் ஒரு டிசைன்மா."

மூலையிலிருந்து ஒரு குரல்: "ஐயோ, எனக்கும் போச்சு!" அடுத்த மேஜை: "எனக்கும்!"

கையேடு சொன்னபடி தன் கணினியில் நிறுவி, சும்மா கிடந்த டேட்டாபேஸின் முகவரியை அவள் அங்கே போட்டாள். பக்கம் வந்தது.

மேலாளர் உள்ளே வந்தபோது, ஏழு திரைகளில் ஒன்றுதான் உயிரோடிருந்தது. மகான் மெதுவாக மடிக்கணினியைத் திறந்துகொண்டிருந்தார்.