சாம்பிள் துண்டு

விடிந்தும் விடியாத நேரத்தில் கமலவேணி பேனர் அடிக்கும் கடையின் ஷட்டரைத் தூக்கினாள். அடைந்து கிடந்த மையின் நெடி மூஞ்சியில் அறைந்தது. நெடியை வெளியே தள்ளுகிற ஃபேன் ஆடி மாதமே செத்துப்போனது. அதை மாற்ற முதலாளிக்கு நேரமில்லை, பாவம்!

பிளெக்ஸ் மேல் இப்படியும் அப்படியும் ஓடி மையைத் தெளிக்கும் பெட்டிக்கு ஹெட் என்று பேர். அதன் துளைகள் தலைமுடியைவிடச் சன்னம். ஒன்று அடைத்துக்கொண்டாலும் படத்தில் கோடு விழும். குனிந்து குனிந்து துடைத்ததில் மெஷின் ஓட்டும் அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. முகூர்த்தக் காலம் வேறு. கண்ணயர்ந்து தூங்கி நாளாயிற்று. டிசைன் போடும் தீபிகாவும், பேனர் ஓரத்தில் வளையம் அடிக்கும் தனபாலும் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார்கள். திருச்செங்கோட்டில் அந்தக் கடை ஓடியது இந்த மூவரால்தான்.

முதலாளி சுவாமிநாதன் சுருட்டிய பேனரோடு வந்து அதைத் தரையில் விசிறினார்.

"ஏம்மா கமலா, கண்ணு எங்க இருந்துச்சு? எடப்பாடி சேலைக்கடைக்காரன் மானத்த வாங்கிட்டான். இன்னைக்குக் கடை தெறப்பு. நீலச் சேலைய கத்தரிப்பூவா அடிச்சு வெச்சிருக்கற!"

"திரையில நீலமாத்தானுங்ணா இருந்துச்சு."

இருக்கும், ஏன் இருக்காது? கம்ப்யூட்டர் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வெளிச்சத்தைக் கலந்து நிறம் காட்டுகிறது. அதை ஆர்ஜிபி என்பார்கள். மெஷினுக்கு வெளிச்சம் ஏது? சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நாலு மைதான், அது சிஎம்ஒய்கே. திரையில் ஜொலிக்கிற சில நீலம் மையில் ஏறவே ஏறாது, ஊதாவாகச் சாய்ந்துவிடும். அதனால்தான் முதலில் ஒரு முழத்துக்குச் சாம்பிள் துண்டு அடித்து, நிறத்தைத் திருத்திவிட்டு முழுசையும் அடிப்பது வழக்கம். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே சுவாமிநாதன்தான். மெஷின் ஓட்டி மேலே வந்த மனுஷன். மை விலை ஏறியதும், "சாம்பிளெல்லாம் தண்டம், நேரா அடிங்க" என்றவரும் அவரேதான்.

"நீங்கதானுங்ணா சாம்பிள் வேண்டாம்னீங்க."

"எதுத்துப் பேசறியா? நாளையில இருந்து வர வேண்டாம்."

இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒற்றையாளாகக் குடும்பத்தை ஓட்டுகிறவள் கமலவேணி. இன்னொரு கடைப் படியேறினால், தப்பாக அடித்தவள் என்ற பேர் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

தீபிகா எழுந்தாள். "அண்ணா, எம்பட தப்புதானுங்க. அவசரத்துல ஆர்ஜிபியிலயே அனுப்பிட்டேன். ஒரு துண்டு அடிச்சிருந்தா அக்கா கண்டுபுடிச்சிருப்பாங்க."

"அப்ப நீயும் கெளம்பு!"

தனபால் சுத்தியலைக் கீழே வைத்தான். "நானும்தானுங்ணா."

"மூணு பேரும் சேந்துட்டு மெரட்டறீங்களா?"

"மெரட்டலீங்க. சாம்பிள் அடிக்க உடுங்க, ஃபேன மாத்துங்க, அக்கா இருக்கட்டும். அதுவரைக்கும் மெஷின் ஓடாது," என்றான் தனபால்.

மூவரும் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்கள். உள்ளே கல்யாண பேனர்கள் வரிசை கட்டிக் காத்துக்கிடந்தன. சுவாமிநாதன் ராசிபுரத்துக்குப் போன் போட்டார். அங்கே ஒரு பேனர் கடையில் மெஷின் ஓட்டும் வேல்முருகன் இதே கடையில் தொழில் பழகிப் போனவன்.

"உடனே பொறப்பட்டு வா. கமலாவ நிறுத்தியாச்சு."

"எதுக்குங்ணா?"

"நிறத்தத் தப்பா அடிச்சுட்டா."

"சாம்பிள் அடிக்க உட்டீங்களா?"

சுவாமிநாதன் போனைத் துண்டித்தார். வேறு ஆளைத் தேடி அடுத்த எண்ணைத் தட்டினார். ஆள் கிடைத்தாலும் கிடைக்கலாம், யார் கண்டது! கமலவேணி முழங்காலில் தலையைச் சாய்த்தாள். மனசும் உடம்பும் ஓய்ந்திருந்தன. அப்போது அவள் போன் அடித்தது.

"அக்கா, அங்கயே இருங்க," என்றான் வேல்முருகன். "இங்கயும் சாம்பிள் அடிக்க உடாம இதே கூத்துதான். மெஷின நிறுத்திட்டோம். நானும் இன்னும் ரெண்டு பேரும் உங்களுக்குத் தொணையா வாரோம்."

"வாங்க சாமி," என்றாள். பிறகு படியில் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.