குட்டை நிழல்

எங்கள் தீவில், டெலானிபூர் பள்ளிக்கூட வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். "கையால் செய், கண்ணால் பார், அறிவியல் கற்றுக்கொள்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை நம்பித்தான் என் மகள் பெனிட்டாவைக் கோடை விடுமுறை முகாமில் சேர்த்தேன். நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

முகாமை நடத்தக் கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து வந்தவர் சந்திரமோகன் சார். முதல் நாளே பெற்றோரிடம் அலுத்துக்கொண்டார்.

"என்ன ஊருங்க இது, காலைல அஞ்சு மணிக்கே வெயில் மூஞ்சில அடிக்குது. தூங்கவே முடியல."

நாங்கள் சிரித்தோம். புதிதாக வருகிற எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். எங்கள் தீவு கிழக்கே வெகுதூரம் தள்ளிக் கிடக்கிறது. சூரியன் எங்களிடம் முன்னாலேயே வரும், முன்னாலேயே போய்விடும். கடிகாரம் மட்டும் மெயின்லேண்ட் கடிகாரம்.

மூன்றாம் நாள் நிழல் பாடம். மணல் டப்பாவில் குச்சியை நட்டு வெயிலில் வைத்து, அதன் நிழல் நுனியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும். எந்த நேரத்தில் நிழல் மிகக் குட்டையோ, அதுதான் உச்சிப்பொழுது. பெனிட்டாவுக்கு அவசரம். மற்ற பிள்ளைகள் வருவதற்கு முன்பே குச்சியை நட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

துறைமுக ஜெட்டியில் கப்பல் டிக்கெட் கொடுக்கும் வேலை எனக்கு. வேலை முடிந்து கூப்பிடப் போனால், முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"எம்மா, பதினொன்னேகாலுக்குத்தாம்மா நிழலு ரொம்பக் குட்டையா இருந்துச்சு. அதுக்கப்புறம் நீண்டுக்கிட்டே போவுது. சார் பன்னெண்டு பத்துதான்னு சொல்லுதாரு. நான் போட்ட கோடு எல்லாத்தையும் ஈரத்துணி வச்சி அழிக்கச் சொல்லிட்டாரு."

"மத்த பிள்ளைக?"

"எல்லாரும் புக்கைப் பாத்து பன்னெண்டு பத்துன்னு எழுதிட்டாவ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணால் பார் என்று பேனர் கட்டுவது, பார்த்ததைச் சொன்னால் துணியைக் கையில் கொடுப்பது! நேரே அவரிடம் போனேன்.

"பிள்ளை பாத்ததை ஏன் சார் அழிக்கச் சொன்னீங்க?"

"மேடம், இந்த கைடு சென்னைல எக்ஸ்பர்ட்ஸ் டெஸ்ட் பண்ணிப் போட்டது. உங்க பொண்ணு சரியா அளக்கல."

"சென்னையில சரியாத்தான் இருக்கும். இங்க அஞ்சு மணிக்கே வெயில் அடிக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? சீக்கிரமா வந்த சூரியன் உச்சிக்கு மட்டும் லேட்டாவா வரும்? நாளைக்கு இன்னொருக்கா நட்டுப் பாப்போம், அவ்வளவுதான், தெரிஞ்சிரும்."

"நாளைக்கு ராக்கெட் மேடம். ஷெட்யூல் டைட்." சிரித்தார். "கடைசி நாள் கண்காட்சில பன்னெண்டு பத்துன்னு சொல்றதா இருந்தா அவ நிக்கட்டும். இல்லன்னா வேற பிள்ளையை நிறுத்திக்கறேன்."

கைப்புண்ணுக்குக் கண்ணாடி கேட்கிற ஆளிடம் என்ன பேசுவது? அந்தக் கண்காட்சிக்காகப் புதுச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள் பெனிட்டா. வீட்டுக்கு வந்து, "பாத்ததைச் சொல்லுட்டி. நிக்க விடலன்னா போவட்டும்" என்றேன். தலையை ஆட்டினாள்.

கடைசி நாள் காலையில் கண்காட்சி. சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரி பெனிட்டாவின் குச்சி முன்னால் குனிந்து நின்றார். நிழல் எப்போது மிகக் குட்டையாக இருக்கும் பேட்டா என்று ஹிந்தியில் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் சாரைப் பார்த்தாள்.

"பாரா பஜ்கர் தஸ் மினிட்" என்றாள். சார் சொன்ன அதே பன்னிரண்டு பத்து.

எல்லோரும் கை தட்டினார்கள். 'இளம் விஞ்ஞானி' என்று மெடல் போட்டார்கள். சார் அவள் முதுகில் தட்டிக் கொடுத்தார். டிக்கெட் கவுண்டரில் நாள் முழுக்கக் கத்துகிற என் வாய் அங்கே திறக்கவில்லை. பிள்ளை அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். ஆனால் உள்ளே கொதித்தது. ஒரு குழந்தையைப் பொய் சொல்ல வைத்து, அதற்கு மெடலும் கொடுக்கிறார்களே என்று கொதித்தது.

மரைன் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு ஏறும் சாலையில், ஸ்கூட்டியில் பின்னால் இருந்தவளிடம் கேட்டேன். "ஏட்டி, நீ பாத்தது ஒண்ணு, சொன்னது ஒண்ணா?"

மெடல் என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது.

"நான் கோடு சரியாத்தாம்மா போட்டேன்."

"அப்புறம் என்னட்டி?"

"சார் சொன்னதும் சரிதாம்மா. நம்ம ஊரு வெயிலுதான் தப்பு."

பிரேக்கை அழுத்தினேன். மணி இன்னும் பதினொன்று ஆகவில்லை, பதினொன்றேகாலுக்கு நேரம் இருந்தது. சாரும் விருந்தினரும் பள்ளிக்கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். குச்சியும் அங்கேதான் வெயிலில் நிற்கும்.

ஸ்கூட்டியைத் திருப்பினேன்.